பதினொன்றுக்குப் பிறகு எங்கே? கலப்பு ரக்பியின் வயது எல்லையில் நின்ற ஒரு சிறுமி: நிகழ்வு ஆய்வு

வடமேற்கு லண்டனில் உள்ள ஒரு சமூக ரக்பி கழகத்தில் 2024 செப்டம்பர் முதல் 2025 டிசம்பர் வரை நடந்த ஒரு விடயத்தை இங்கே பதிவு செய்கிறேன். அந்தக் கழகத்தின் சிறுவர் பிரிவை ஒருங்கிணைக்கும் தொண்டர் நான். குடும்பத்தின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். புலம்பெயர்ந்த நாடுகளில் எங்கள் பிள்ளைகளை, குறிப்பாகப் பெண்பிள்ளைகளை, விளையாட்டுக் கழகங்களில் சேர்த்திருக்கும் பெற்றோருக்கும் அங்கே பொறுப்பில் இருப்பவர்களுக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

பின்னணி: விதி என்ன சொல்கிறது

இங்கிலாந்தில் பிள்ளைகளின் ரக்பியை ஆர்.எஃப்.யூ. என்னும் இங்கிலாந்து ரக்பி ஒன்றியத்தின் 15ஆம் இலக்க ஒழுங்குவிதி நடத்துகிறது. பிள்ளை எந்த வயதுப் பிரிவில் ஆட வேண்டும் என்பது பாடசாலை ஆண்டைப் பொறுத்தது. செப்டம்பர் முதலாம் திகதிதான் எல்லைக்கோடு. 7, 8 வயதுக்குட்பட்டோர் ஆடுவது டேக் ரக்பி: இடுப்பில் தொங்கும் பட்டியை இழுத்தெடுத்தால் போதும், ஆளைப் பிடித்து விழுத்த வேண்டியதில்லை. டாக்கிள், அதாவது பந்தோடு வருபவரைப் பிடித்து விழுத்துவது, 9 வயதுக்குட்பட்டோர் பிரிவில் தொடங்குகிறது. அதிலிருந்து வயது கூடக்கூட ஆட்டக்காரர் தொகை கூடுகிறது, மைதானமும் படிப்படியாகப் பெரிதாகிறது. 11 வயதுக்குட்பட்டோர் பக்கத்துக்கு 9 பேராக ஆடுவார்கள். அடுத்த ஆண்டு 12 பேர்.

ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் ஒரே அணியில் ஆடக்கூடிய கடைசிப் பிரிவு இந்த 11 வயதுக்குட்பட்டோர் பிரிவுதான். அதற்கு மேல் டாக்கிள் உள்ள ஆட்டத்தில் இருபாலாரும் பிரிந்தே ஆட வேண்டும். பெண்பிள்ளைகளுக்கு 12, 14, 16, 18 என்று இரண்டிரண்டு வருடப் பிரிவுகள் இருக்கின்றன.

உதைபந்தாட்டத்தில் நிலைமை வேறு. அங்கே முன்னர் 11 வயதில் இருந்த எல்லை படிப்படியாக உயர்ந்து, இப்போது 18 வயதுக்குட்பட்டோர் வரை கலப்பு அணிகள் ஆடலாம். "அங்கே முடியுமென்றால் இங்கே ஏன் முடியாது?" என்று எந்தப் பெற்றோரும் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். 1978இல் ஓர் 11 வயதுச் சிறுமி ஆண்பிள்ளைகளோடு உதைபந்தாட அனுமதி கேட்ட வழக்கு இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. அவள் தோற்றாள். 1975ஆம் ஆண்டின் பால் பாகுபாட்டுச் சட்டம் சராசரிப் பெண்ணின் உடல்வலுவை அளவுகோலாக வைத்திருந்தது. முன்னால் நிற்கும் சிறுமிக்கு எவ்வளவு வலு என்று அது பார்க்கவில்லை. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் 195ஆம் பிரிவில் ஒரு முக்கியமான திருத்தத்தைக் கொண்டுவந்தது: பிள்ளைகளின் விளையாட்டில் இருபாலாரையும் பிரிப்பது நியாயமா என்று பார்க்கும்போது அந்தப் பிள்ளைகளின் வயதையும் வளர்ச்சி நிலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். வயது எல்லை ஒன்று தேவைப்படுவதன் சட்ட அடிப்படை இதுதான். எல்லை 11ஆ, 12ஆ, 13ஆ என்பதை அந்தந்த விளையாட்டின் ஆட்டமுறை தீர்மானிக்கிறது. ஓடி வருபவரை உடலால் மோதி நிலத்தில் விழுத்தும் ஆட்டத்துக்கும், பந்துக்காகக் கால் நீட்டும் ஆட்டத்துக்கும் ஒரே எல்லை இருக்க முடியாது என்பது என் எண்ணம்.

சிறுமியும் அணியும்

2024–25 பருவத்தில் எங்கள் 11 வயதுக்குட்பட்டோர் அணியில் 22 பிள்ளைகள். அவர்களில் நால்வர் பெண்பிள்ளைகள். இந்த ஆய்வுக்குரிய சிறுமி டேக் ரக்பி காலத்திலிருந்தே எங்களோடு இருப்பவள். தந்தை கொழும்பில் படித்தவர். பாடசாலை ரக்பி பார்த்து வளர்ந்தவர், ஆடியவரல்லர். தாய் யாழ்ப்பாணம். அப்பம்மாவும் அவர்களோடுதான் இருக்கிறார்.

இரண்டு விடயங்களைச் சொல்ல வேண்டும். அவள் பிறந்தது ஆகஸ்ட் மாதக் கடைசியில். அதாவது அணியிலேயே வயதில் இளையவர்களில் ஒருத்தி. சில நாட்கள் பிந்திப் பிறந்திருந்தால் கலப்பு ரக்பியில் இன்னொரு முழு வருடம் அவளுக்குக் கிடைத்திருக்கும். ஆனால் உயரத்தில் அவள்தான் அணியிலேயே இரண்டாவது. தோளும் அகலம். வளர்ச்சி வேகம் உச்சம் தொடுவது பெண்பிள்ளைகளில் சராசரியாக 12 வயதளவில், ஆண்பிள்ளைகளில் 14 வயதளவில். அதனால் பத்து, பதினொரு வயதில் ஒரு வகுப்பறையில் உயரமான பிள்ளைகளைத் தேடினால் பல வேளைகளில் பெண்பிள்ளைகள்தான் கண்ணில் படுவார்கள். நாள்காட்டியில் கடைசி, உடலில் முதல் வரிசை. இந்த முரண் பின்னால் நடந்த எல்லாவற்றிலும் இருக்கிறது.

2024 நவம்பர்: ஒரு டாக்கிள்

நவம்பர் மாத ஞாயிறு ஒன்றில் அயல் கழகத்துடன் ஆட்டம். இடது ஓரத்தால் பந்தோடு ஓடி வந்த எதிரணிப் பையனை அவள் குறுக்கே வந்து பிடித்தாள். தோள் அவனுடைய இடுப்புக்கு மேலே பட்டது, இரு கையும் சுற்றிப் பிடித்தன, இருவரும் விழுந்தார்கள். பையன் நீட்டிய கையில் விழுந்ததால் காறை எலும்பு முறிந்தது.

டாக்கிள் முறையானது. 2023 யூலை முதல் இங்கிலாந்தின் சமூக ரக்பியில் டாக்கிள் மார்பெலும்பின் அடிப்பகுதிக்குக் கீழேதான் இருக்க வேண்டும். அவளுடையது அதற்கும் நன்றாகக் கீழே. நடுவர் தவறு காணவில்லை. இரு கழகங்களின் பயிற்றுவிப்பாளர்களும் அன்றே எழுதிக் கையொப்பமிட்ட விபத்து அறிக்கையிலும் அப்படித்தான் இருக்கிறது. பையன் ஆறேழு வாரங்களில் தேறினான்.

ஆனால் ஓரத்தில் நின்ற பெற்றோரின் பேச்சு வேறு பக்கம் போனது. ஒரு பையன் இன்னொரு பையனை அப்படி விழுத்தியிருந்தால் "பாவம், ஆட்டத்தில் நடக்கிறதுதானே" என்று முடிந்திருக்கும். இங்கே முதல் கேள்வியே "இந்த வயதில் ஏன் சேர்த்து ஆடவிடுகிறார்கள்?" என்பது. காயப்பட்டது பையன். கேள்விக்குள்ளானது சிறுமி அங்கே நிற்பது. எங்கள் பக்கத்துப் பெற்றோர் சிலரும் அதையே மெதுவான குரலில் சொன்னார்கள்.

அவளை அணியிலிருந்து தள்ளி வைப்பதா என்று அடுத்த நாள் மாலை பயிற்றுவிப்பாளர்கள் பேசினோம். தள்ளி வைப்பதில்லை என்று முடிவாயிற்று. விதிப்படி ஆடிய பிள்ளையை, காயம் ஏற்பட்டதற்காக மட்டும் வெளியே இருத்தினால் அது தண்டனை. அவளுக்கும் அப்படித்தான் விளங்கும், மற்றப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் விளங்கும்.

அடுத்த வாரங்களில் மைதானத்தில் கண்டது

அவள் பயிற்சிக்கு வந்தாள். ஒரு நாளும் தவறவில்லை. ஆனால் ஆட்டம் மாறிவிட்டது. முதலில் கவனித்தவர் உதவிப் பயிற்றுவிப்பாளர். அதுவரை எதிராளியின் தொடையில் தோள் வைத்து, தலையை அவருடைய பின்புறமாக வைத்துப் பிடித்தவள், இப்போது கையை நீட்டிச் சட்டையைப் பிடித்து இழுத்தாள். தோள் போகவில்லை. உடல் பின்வாங்கியதால் தலை எதிராளியின் முன்பக்கத்துக்கு, ஓடிவரும் முழங்காலுக்கு நேரே, வந்தது.

இது சின்ன விடயமல்ல. டாக்கிளில் தலை எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதைத்தான் 9 வயதுக்குட்பட்டோர் பிரிவிலிருந்து திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்கிறோம். தயங்கித் தயங்கிப் போகும் டாக்கிள், துணிந்து போகும் டாக்கிளை விடத் தலைக்கு ஆபத்தானது. பிறரை நோகவிடாமல் இருக்கவேண்டும் என்று அவள் எடுத்த கவனம் அவளையே ஆபத்தில் வைத்தது. கலப்பு ரக்பியின் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது எடையும் உயரமும் பேசப்படுகின்றன. ஒரு பிள்ளை தன் உடலைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்பதும் பாதுகாப்போடு சேர்ந்ததுதான் என்பதை அந்த வாரங்களில் நேரே பார்த்தோம்.

பந்து கேட்பதும் குறைந்தது. முன்பு "எனக்கு, எனக்கு" என்று கத்துபவள் இப்போது ஓரத்தில் நின்று வந்தால் வாங்கிக்கொண்டாள். சில பையன்கள் பயிற்சியில் அவளோடு சோடி சேரத் தயங்கினார்கள். பயத்தால் அல்ல. "பொம்பிளைப் பிள்ளையை எப்படிப் பிடிக்கிறது?" என்று வீட்டில் பேச்சு நடந்திருக்கிறது.

நத்தார் விடுமுறைக்குப் பிறகு மற்ற மூன்று பெண்பிள்ளைகளில் இருவர் திரும்பி வரவில்லை. ஒருத்தியின் தாய் எழுதிய மின்னஞ்சல் சுருக்கமானது: செப்டம்பரோடு எப்படியும் முடியப்போகிறதென்றால் இந்தக் குளிரில் எதற்கு?

வீட்டில் நடந்த பேச்சு

ஜனவரியில் தாயும் தந்தையும் என்னைச் சந்திக்கக் கேட்டார்கள். அவர்களின் வீட்டிலேயே இருந்து பேசினோம். அப்பம்மாவும் இருந்தார்.

தந்தையின் கோரிக்கை நேரடியானது. "அக்கா, ஒரே ஒரு வருசம். அவள் அந்தப் பொடியளில முக்கால்வாசிப் பேரை விட உயரம். அவளுக்கு என்ன நடக்கப்போகுது? விதிவிலக்கு எடுக்கேலாதோ?"

தாயின் கவலை வேறு. பக்கத்தில் பெண்கள் அணி இல்லை. நிறுத்தினால் பிள்ளை கைப்பேசியோடு அறைக்குள் அடைந்துவிடுவாள் என்பது அவருடைய பயம்.

அப்பம்மா கடைசியில் சொன்னார்: "பெரிய பிள்ளையாகிற வயசு வந்திட்டுது. இனியும் பொடியளோட கட்டிப் புரண்டு விளையாடுறதே? அந்த விளையாட்டுக்காரரே நிப்பாட்டச் சொல்லினமெண்டால் பிறகென்ன கதை?"

கதவடியில் நின்ற சிறுமி இதைக் கேட்டாள். தாய் பிறகு எனக்குச் சொன்னது: அன்றிரவு அவள் கேட்ட கேள்வி, "நான் வளர்ந்திட்டன் எண்டதாலயோ அம்மா என்னை நிப்பாட்டினம்?"

இந்த ஆய்வை எழுதத் தூண்டியது அந்தக் கேள்விதான். ஆர்.எஃப்.யூ.வின் விதியும் அப்பம்மாவின் வழக்கமும் ஒரே வயதில் வந்து ஒரே இடத்தில் நிற்கின்றன. இரண்டும் "இனிச் சேர்ந்து வேண்டாம்" என்கின்றன. ஆனால் காரணங்கள் வேறு. விதி வரப்போகும் உடல்வலு வேறுபாட்டைப் பார்க்கிறது, அது இருபாலாரையும் கட்டுப்படுத்துகிறது, பிரித்த பிறகும் விளையாட்டு தொடர வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. வழக்கம் பெண்பிள்ளையை மட்டும் பார்க்கிறது, அவளை விளையாட்டிலிருந்தே உள்ளே அழைக்கிறது. பிள்ளையின் காதில் இரண்டும் ஒன்றாக விழுந்தால், தன் உடல் வளர்ந்ததுதான் தான் செய்த குற்றம் என்று அவள் எடுத்துக்கொள்வாள். நவம்பரில் நடந்ததற்குப் பிறகு அவள் அப்படி எடுத்துக்கொள்ள ஏற்கனவே தயாராக இருந்தாள்.

அப்பம்மாவைக் குறைத்துச் சொல்லவில்லை. பேத்தியின் மேல் உள்ள அக்கறையில்தான் அவர் பேசினார். ஆனால் எங்கள் சமூகத்துக் குடும்பங்களோடு வேலை செய்யும் கழகங்கள் இந்த இரண்டு குரல்களும் ஒன்றாகக் கேட்கும் என்பதை முன்கூட்டியே எதிர்பார்க்க வேண்டும்.

எங்கள் முன் இருந்த வழிகள்

விதிவிலக்குக் கேட்பதைப் பற்றி முதலில். தந்தையின் வாதத்தில் உண்மை இருந்தது: அன்றைய நாளில் அவள் பலமானவள். ஆனால் கேள்வி அன்றைய நாளைப் பற்றியதல்ல. நான் சொன்னேன்: "தம்பி, இந்த வருசம் நீங்கள் சொல்லுறது சரி. வாற வருசம் மாசி, பங்குனியில அதே பொடியள் எப்பிடி இருப்பினம் எண்டு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது." 12 வயதுக்குட்பட்டோர் பிரிவில் சில பையன்களுக்கு வளர்ச்சி தொடங்கிவிடும், பலருக்குத் தொடங்காது. ஒரே பருவத்துக்குள்ளேயே ஒரு பையன் ஆளே மாறிவிடுவதை நாங்கள் வருடாவருடம் பார்க்கிறோம். பருவத்தின் நடுவில் ஒரு நாள் "இன்றோடு நீ வரவேண்டாம்" என்று அவளிடம் சொல்வதை விட, எல்லாருக்கும் தெரிந்த ஒரு திகதியில் மாறுவது மரியாதையானது. மேலும் இந்த எல்லையைத் தாண்டிக் கலப்பாக ஆடக் கழகம் தானாக அனுமதிக்க முடியாது. அனுமதித்தால் காப்புறுதியும் கேள்விக்குள்ளாகும்.

வயதை விட்டு, உடல் முதிர்ச்சியின்படி பிள்ளைகளைப் பிரிக்கும் முறை பற்றியும் ஒரு பயிற்றுவிப்பாளர் பேசினார். பிள்ளையின் உயரம், எடை, பெற்றோரின் உயரம் ஆகியவற்றைக் கொண்டு, வளர்ந்து முடிந்தபின் எட்டவிருக்கும் உயரத்தில் எவ்வளவு பங்கை அவள் இப்போது எட்டியிருக்கிறாள் என்று கணிப்பார்கள். தொழில்முறைக் கழகங்களின் இளையோர் பிரிவுகளில் இது நடக்கிறது. எங்கள் போன்ற தொண்டர் கழகத்தில், தன் அளவைப் பற்றி ஏற்கனவே கூச்சப்படத் தொடங்கிவிட்ட ஒரு சிறுமியை அளவுகோலுக்கு முன் நிறுத்துவதை நான் ஏற்கவில்லை.

வேறு கழகத்துக்கு அனுப்பலாம். பெண்கள் பிரிவு உள்ள கழகம் வார இறுதி நெரிசலில் காரில் ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட. தந்தை ஞாயிறு காலையில் கடைக்குப் போக வேண்டும். தாய்க்கு வாகன அனுமதிப்பத்திரம் இல்லை. காகிதத்தில் இருந்த இந்த வழி நடைமுறையில் இல்லை.

கடைசி வழி, அயல் கழகங்களோடு சேர்ந்து 12 வயதுக்குட்பட்ட பெண்கள் அணி ஒன்றைத் தொடங்குவது. ஒவ்வொரு கழகத்திலும் இரண்டு மூன்று பெண்பிள்ளைகள்தான். சேர்த்தால் அணி.

எடுத்த முடிவு

விதிவிலக்குக் கேட்பதில்லை, கூட்டு அணி தொடங்குவது, செப்டம்பர் வரை காத்திராமல் மார்ச்சிலேயே தொடங்குவது. மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பெரிய வித்தியாசத்தைத் தந்தது.

12 வயதுக்குட்பட்ட பெண்கள் பிரிவு பாடசாலையில் 6ஆம், 7ஆம் ஆண்டில் உள்ளவர்களுக்கு உரியது. அதாவது கலப்பு அணியின் கடைசி ஆண்டில் இருக்கும் சிறுமியும் அதில் ஆடலாம். அந்த ஓர் ஆண்டில் அவளுக்கு இரண்டு அணிகளும் திறந்திருக்கின்றன. பெற்றோரில் எவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. 11இல் ஒரு கதவு மூடுகிறது என்று மட்டும்தான் எல்லாரும் கேள்விப்பட்டிருந்தார்கள். அடுத்த கதவு ஒரு வருடம் முன்பே திறந்திருப்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

சிறுமியிடம் பேசும் பொறுப்பை உதவிப் பயிற்றுவிப்பாளரும் தாயும் எடுத்துக்கொண்டார்கள். தாய் இருந்தது தமிழில் பேசுவதற்காகவும்தான். மூன்று விடயங்களைச் சொல்ல வேண்டும் என்று முன்பே பேசிவைத்தோம். நவம்பர் டாக்கிள் சரியான டாக்கிள். செப்டம்பரில் பையன்களும் உன்னோடு ஆட முடியாது, விதி உனக்கு மட்டுமல்ல. நீ வளர்ந்தது நல்ல விடயம், அந்தத் தோள் அடுத்த அணிக்குத் தேவை. கடைசியைக் கேட்டதும் அவள் தாயைத் திரும்பிப் பார்த்தாள் என்று பயிற்றுவிப்பாளர் சொன்னார். தாய் தலையாட்டினார். பிறகு கேட்டது ஒன்றுதான்: "அங்க ஆர் ஆர் வருவினம்?"

2025 மார்ச் முதல் செப்டம்பர் வரை

மூன்று கழகங்கள் சேர்ந்தன. முதல் பயிற்சிக்கு 9 பேர் வந்தார்கள். அணி என்று சொல்ல முடியாத தொகை. பக்கத்துக்கு நால்வராக, ஒருவர் மாறி மாறி வெளியே நின்று ஆடினார்கள்.

முதல் மாதம் டாக்கிளைத் தரையிலிருந்து திரும்பச் சொல்லிக்கொடுத்தோம். முழங்காலில் இருந்து பிடிப்பது, நடந்து வருபவரைப் பிடிப்பது, பிறகு மெதுவாக ஓடி வருபவரை. புதிதாக வந்தவர்களுக்கு அது தேவை. எங்கள் சிறுமிக்கும் அதே பயிற்சிதான் வேண்டியிருந்தது, அவளைத் தனியே எடுத்துத் திருத்தாமலே அது கிடைத்தது. ஏப்ரல் கடைசியில் தோள் மறுபடி போய்ச் சேரத் தொடங்கியது. தலை பின்பக்கம் போனது.

அதேவேளை கலப்பு அணியிலும் அவள் பருவம் முடியும்வரை ஆடினாள். கடைசி ஆட்டத்தில் பையன்களோடு சேர்ந்து வட்டமாகத் தோளில் கை போட்டு நின்று, கழகத்தின் கூக்குரலைக் கத்தினாள். முடிவு ஒன்று முறையாக நடக்க வேண்டும். அதற்கு அவளுக்கு இடம் கிடைத்தது.

சிறிய மாற்றம் ஒன்று. கழகத்தின் காற்சட்டை வெள்ளை. பெண்கள் அணிக்குக் கருநீலம் எடுத்தோம். மாதவிடாய்க் காலத்தில் வெள்ளைக் காற்சட்டை பெண்களுக்கு எவ்வளவு மனக்கவலை தருகிறது என்று வீராங்கனைகள் சொன்னதால், அயர்லாந்து மகளிர் தேசிய அணி 2023இல் வெள்ளையிலிருந்து கருநீலத்துக்கு மாறியது. எங்கள் குழுக் கூட்டத்தில் இதை ஒரு தாய் எழுப்பினார், எவரும் மறுக்கவில்லை. அப்பம்மாவுக்கு இதைத் தாய் சொன்னபோது, "அதெல்லாம் யோசிச்சுச் செய்யினமோ" என்று கேட்டாராம்.

ஆகஸ்டில் மகளிர் ரக்பி உலகக் கிண்ணம் இங்கிலாந்தில் தொடங்கியது. செப்டம்பர் 27ஆம் திகதி ட்விக்கென்ஹாமில் நடந்த இறுதியாட்டத்துக்கு 81,885 பேர் வந்தார்கள். இங்கிலாந்து 33–13 என்று கனடாவை வென்றது. அந்த வாரங்களில் எங்களுக்கு வந்த புதுப் பிள்ளைகளின் பெயர்களை எழுதவே தனித் தாள் வேண்டியிருந்தது. ஆனால் அணி ஏற்கனவே இருந்ததால்தான் அவர்கள் வந்து சேர ஓரிடம் இருந்தது. அதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

விளைவு

2025 டிசம்பரில் கூட்டு அணியில் 17 பேர். எங்கள் சிறுமி ஒழுங்காக ஆடுகிறாள். இரு அணியினரும் குனிந்து தோள்முட்டித் தள்ளும் ஸ்க்ரமில் முன்வரிசை. பந்து கேட்டுக் கத்துகிறாள்.

முன்பு விலகிய இருவரில் ஒருத்தி இறுதியாட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்த பிறகு திரும்பி வந்தாள். மற்றவள் வரவில்லை. வலைப்பந்தாட்டத்தில் சேர்ந்துவிட்டாள், சந்தோசமாக இருக்கிறாள் என்று தாய் சொன்னார். நான்காமவள் அணியில் இருக்கிறாள், ஆனால் வாரம் விட்டு வாரம் வருகிறாள்.

புதிய சிக்கலும் வந்தது. இரண்டு வருடப் பிரிவு என்பதால் 6ஆம் ஆண்டில் இருக்கும் சிறிய பெண்பிள்ளைகளும் இதே அணியில். அவர்களுக்கு முன்னால் எங்கள் சிறுமி இன்னும் பெரியவளாகத் தெரிகிறாள். பெண்களை மட்டும் சேர்த்துவிட்டால் உடலளவு வேறுபாடு மறைந்துவிடும் என்று நினைத்தவர்களுக்கு இது பாடம். பயிற்சியில் டாக்கிள் சோடிகளை உடலளவின்படி பயிற்றுவிப்பாளரே அமைக்கிறார். பிள்ளைகளைத் தெரிவுசெய்ய விடுவதில்லை.

பழைய பையன்களோடு தொடர்பு அறவில்லை. டாக்கிள் இல்லாத பந்துப் பரிமாற்றப் பயிற்சியைக் கோடையில் சேர்ந்து செய்தார்கள். காறை எலும்பு முறிந்த பையனின் கழகமும் எங்கள் கூட்டணியில் ஒன்று. அவனுடைய தங்கை இப்போது அவர்களுடைய கலப்பு அணியில் ஆடுகிறாள்.

அப்பம்மா ஒருமுறை ஆட்டம் பார்க்க வந்தார். அவருடைய மனம் மாறியதென்று சொல்ல மாட்டேன். பெண்பிள்ளைகளோடு மட்டும் என்றபடியால் அவருக்கு இப்போது மறுப்பில்லை. அவருடைய காரணம் என்னுடையதல்ல. ஆனால் வீட்டில் சண்டையில்லாமல் ஞாயிறு காலையில் பிள்ளை புறப்படுகிறாள்.

கழகத்தில் மாற்றியவை

9 வயதுக்குட்பட்டோர் பிரிவில் டாக்கிள் தொடங்கும் செப்டம்பரிலேயே, ஆண், பெண் எல்லாப் பிள்ளைகளின் பெற்றோருக்கும், 11க்குப் பிறகு என்ன நடக்கும் என்பதை எழுத்தில் கொடுக்கிறோம். ஒரு பக்கம்தான். தமிழிலும் குஜராத்தியிலும் மொழிபெயர்த்திருக்கிறோம். வீட்டில் ஆங்கிலம் படிக்காத பெரியவர்களும் விதியை நேரடியாகப் படிக்க வேண்டும், வேறொருவர் சொல்லி அறியக்கூடாது என்பதற்காக.

6ஆம் ஆண்டுப் பெண்பிள்ளைகள் எல்லாரையும் பருவத்தின் முதல் மாதத்திலேயே கூட்டு அணியின் பயிற்சிக்கு அழைக்கிறோம். விருப்பமென்றால் வரலாம். கலப்பு அணியில் அவர்களுடைய இடம் அதனால் குறையாது என்பதையும் எழுதியிருக்கிறோம்.

காயம் நடந்த ஆட்டத்துக்குப் பிறகு காயப்பட்ட பிள்ளையோடு மட்டுமல்லாமல், டாக்கிள் செய்த பிள்ளையோடும் அதே வாரத்துக்குள் ஒருவர் பேச வேண்டும். இது இப்போது விபத்து அறிக்கைப் படிவத்திலேயே ஒரு கட்டமாக இருக்கிறது.

அடுத்த கவலை 2026 செப்டம்பர். அவள் 14 வயதுக்குட்பட்டோர் பிரிவுக்குப் போவாள். அங்கே 8ஆம், 9ஆம் ஆண்டுப் பிள்ளைகள் வேண்டும். மூன்று கழகங்களிலும் சேர்த்து எண்ணினாலும் இன்னும் ஆள் போதவில்லை. நான்காவது கழகம் ஒன்றோடு பேசிக்கொண்டிருக்கிறோம். அவர்களுடைய மைதானத்துக்கு ஒரே பேருந்தில் போகலாம்.